பரப்பளவிலும் கன அளவிலும் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள், எப்படிச் சரிசெய்வது

3 செ.மீ., 4 செ.மீ., 5 செ.மீ. அளவுள்ள ஒரு பெட்டியின் படத்தைக் காட்டி, இதற்குள் 1 செ.மீ. கனச்சதுரங்கள் எத்தனை அடங்கும் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். படத்தில் கோடுகள் போட்டே இருந்தன. அவள் நிதானமாக, பென்சில் நுனியை வைத்து எண்ணி, 94 என்று எழுதினாள். சரியான விடை 60.

எண்ணுவதிலோ பெருக்குவதிலோ அவளிடம் ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில் ஒரு கோடு அடித்துவிட்டு, 'நீளம் × அகலம் × உயரம்' என்று எழுதிக்கொடுத்திருந்தால் அடுத்த முறை 60 வந்திருக்கும். ஆனால் அவள் மனதில் இருந்த பெட்டி மாறியிருக்காது. 94 எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் தவறான விடையைப் பார்த்ததும் அடிக்காமல், முதலில் கேள்வி கேட்கப் பழகினேன்.

பரப்பளவு, கன அளவு இரண்டிலும் பிழைகள் பலவிதம். மூலம் பெரும்பாலும் ஒன்றுதான். அலகுகள் வரிசையாகவும், வரிசைகள் சேர்ந்து அடுக்காகவும் நிற்பதைப் பிள்ளை இன்னும் பார்க்கவில்லை. சூத்திரம் அந்த எண்ணிக்கையைச் சுருக்கி எழுதும் வழி. எண்ணிக்கையே மனதில் இல்லாதபோது எதைச் சுருக்குவது?

கையில் வேண்டியவை: கட்டத்தாள், கோடில்லாத வெள்ளைத் தாள், கத்தரிக்கோல், அளவுகோல், ஒரே அளவில் 60 கனச்சதுரக் கட்டைகள், அளவுக்குறி போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. அப்புறம், விடையைத் திருத்துவதற்கு முன் "எப்படிச் செய்தாய், காட்டு" என்ற ஒரு கேள்வி. விடை சரியாக இருந்தாலும் அதைக் கேளுங்கள்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையிடம் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே போகலாம்.

"வெட்டி மாற்றி வைத்தால் பரப்பு மாறிவிடும்" என்கிறது

ஒரு செவ்வகத்தை இரண்டாக வெட்டி, துண்டுகளைப் பக்கம் மாற்றி ஒட்டுங்கள். இப்போது இடம் கூடியதா, குறைந்ததா, அதேதானா? "நீளமாயிடுச்சு, அதனால கூடிடுச்சு" என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளைக்குப் பரப்பளவுக் கணக்கு கொடுக்க இன்னும் நேரம் வரவில்லை.

பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1948-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு பச்சை அட்டைகள், இரண்டு புல்வெளிகள். இரண்டிலும் பொம்மை மாடு. ஒன்றில் வீடுகளை நெருக்கமாக ஒட்டி வைப்பார்கள், மற்றொன்றில் அதே எண்ணிக்கை வீடுகளைச் சிதறி வைப்பார்கள். எந்த மாட்டுக்குப் புல் அதிகம்? சிறு பிள்ளைகள் நெருக்கி வைத்த வெளியைக் காட்டுவார்கள். அங்கேதான் பெரிய பச்சைத் திட்டு கண்ணில் படுகிறது. எத்தனை வீடு வைத்தோமோ அவ்வளவு புல்தான் மறையும் என்ற எண்ணம் பொதுவாக ஏழெட்டு வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது.

இங்கே வாதம் செய்து பயனில்லை. வெட்டிய துண்டுகளைத் திரும்பப் பழைய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மறுபடி மாற்றச் சொல்லுங்கள். எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை என்பதை அதன் கையே நாலைந்து முறை செய்து பார்க்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம்.

பரப்பளவு கேட்டால் சுற்றளவைச் சொல்கிறது

மிகப் பழகிய பிழை இது. இரண்டு சொற்களும் ஒரே வாரத்தில் அறிமுகமாவது ஒரு காரணம். ஆனால் சொல் குழப்பம் மட்டும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் செவ்வகங்களைக் காட்டி எது எவ்வளவு பெரிது என்று மதிப்பிடச் சொன்னபோது, அவர்கள் உயரத்தையும் அகலத்தையும் கூட்டியது போன்ற விடைகளைத் தந்ததாக ஆண்டர்சனும் கூனியோவும் 1978-ல் எழுதினார்கள். கூட்டிப் பார்ப்பது பள்ளிக்கு வரும் முன்பே மனதில் இருக்கும் பழக்கம். பெருக்கலைப் பின்னால் கற்றுக்கொள்கிறோம்.

24 செ.மீ. நூலை வளையமாகக் கட்டுங்கள். கட்டத்தாளில் வைத்து, செவ்வகமாக இழுத்துப் பிடித்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணச் சொல்லுங்கள். 6-க்கு 6 வைத்தால் 36. 5-க்கு 7 வைத்தால் 35. 4-க்கு 8 என்றால் 32. 2-க்கு 10 என்றால் 20. 1-க்கு 11 என்றால் வெறும் 11 கட்டம்தான் சிக்கும். நூல் அதேதான், ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. நூலின் நீளம் வேறு, நூல் வளைத்துப் பிடித்த இடம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு ஒரு விளக்கம் கிடைத்ததில்லை. கடைசி மெல்லிய செவ்வகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் மாறுவதைக் கவனியுங்கள்.

சதுரங்களால் நிரப்பச் சொன்னால், சதுரங்கள் பெருத்தும் சிறுத்தும் நிற்கின்றன

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். பலர் இதைப் படம் வரையத் தெரியாத குறை என்று விட்டுவிடுகிறார்கள்.

வெள்ளைத் தாளில் 6 செ.மீ.-க்கு 4 செ.மீ. செவ்வகம் வரைந்து, பக்கத்தில் 1 செ.மீ. சதுரம் ஒன்றை ஒட்டிவிட்டு, "இந்தச் சதுரத்தால் செவ்வகத்தை மூடினால் எப்படி இருக்கும், வரைந்து காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை வரையும்போது கையைப் பாருங்கள். சில பிள்ளைகள் மேல் மூலையில் ஒரு சதுரம், அதன் பக்கத்தில் இன்னொன்று என்று தனித்தனியாக நான்கு கோடும் போட்டு வரைவார்கள். மூன்றாவது கொஞ்சம் பெரிதாகிவிடும். கடைசியில் இடம் போதாமல் ஒரு ஒல்லிச் சதுரம். அடுத்த வரிசை மேல் வரிசையோடு பொருந்தாது, செங்கல் சுவர் மாதிரி விலகி நிற்கும். வேறு சிலர் ஓரம் முழுக்கச் சுற்றி வரைந்துவிட்டு நடுவில் தோன்றிய இடத்தில் நாலைந்தைப் போட்டு முடிப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் லின் அவுத்ரெட், மைக்கேல் மிட்செல்மோர் இருவரும் 1 முதல் 4-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் இத்தகைய படங்களைத் திரட்டி, 2000-ல் ஒரு வளர்ச்சி வரிசையைக் காட்டினார்கள். முதலில் இடைவெளியும் மேற்படிவும் உள்ள மூடல். பின்னர் இடைவெளியில்லாத, ஆனால் ஒழுங்கற்ற மூடல். பின்னர் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே எண்ணிக்கை. அதற்கும் பின்னர்தான் பக்கத்தின் நீளத்தை அளந்து, எத்தனை சதுரம் பொருந்தும் என்று சொல்வது. பெருக்கல் கடைசியில் வருகிறது. நாம் வகுப்பில் தொடங்கும் இடம் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படி.

சரிசெய்யும் வழி, சதுரத்தை விட்டுவிட்டு வரிசையைக் கையில் கொடுப்பது. 6 சதுரம் உள்ள ஒரு பட்டையைக் காகிதத்தில் வெட்டிக் கொடுங்கள். ஒரு பட்டையை மேலே வைக்கட்டும், இன்னும் எத்தனை பட்டை வேண்டும் என்று சொல்லட்டும். அப்புறம் பட்டையை எடுத்துவிட்டு, அதே செவ்வகத்தில் கோடுகள் மட்டும் போடச் சொல்லுங்கள்: ஒரு கோடு இந்த ஓரத்தில் தொடங்கினால் அந்த ஓரம்வரை போக வேண்டும். தனித்தனிச் சதுரமாக வரைந்துகொண்டிருந்த பிள்ளை, குறுக்கே நீளக் கோடு இழுக்கத் தொடங்கும் அந்த நொடி மிக முக்கியமானது. ஒரே கோடு ஒரே நேரத்தில் ஆறு சதுரங்களுக்குக் கீழ்ப்பக்கமாகவும் அடுத்த ஆறுக்கு மேல்பக்கமாகவும் இருப்பது அப்போது அதன் கைக்குப் புரிந்துவிட்டது. "6, 12, 18, 24" என்று தானாக எண்ணும். பெருக்கலை நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இருக்காது.

கட்டம் போட்ட தாளை முதலிலேயே கொடுத்துவிட்டால் இந்தப் பிழை வெளியே தெரியாது. தாள் வேலையைச் செய்துவிடும். அதனால்தான் வெள்ளைத் தாளில் கேட்கச் சொல்கிறேன்.

கட்டம் இருந்தால் வருகிறது, அளவுகோல் கொடுத்தால் வரவில்லை

பக்கம் 6 செ.மீ. என்பதிலிருந்து அங்கே 6 சதுரம் நிற்கும் என்ற பாலம் இல்லை, அவ்வளவுதான். அளவுகோலின் மேலேயே 1 செ.மீ. சதுரங்களை ஒட்டி அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அளவுகோலில் கோடுகளை எண்ணாமல் கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தை எண்ணுகிறதா என்பதையும் ஒரு முறை பாருங்கள்.

பாதிச் சதுரம் வந்தால் தடுமாறுகிறது

2½ செ.மீ.-க்கு 3½ செ.மீ. செவ்வகம். விடை 6¼ என்று வந்தால், முழுமையை முழுமையோடும் (2 × 3) பாதியைப் பாதியோடும் (½ × ½) பெருக்கிக் கூட்டியிருக்கிறது. பின்னக் கணக்கை மறுபடி நடத்தாதீர்கள், படத்தை வரையுங்கள். முழுச் சதுரங்கள் 6. ஒரு ஓரத்தில் 2 பாதிகள், இன்னொரு ஓரத்தில் 3 பாதிகள், மூலையில் ஒரு கால். மொத்தம் 8¾. விட்டுப்போனவை அந்த ஐந்து பாதிகள் என்று பிள்ளையே விரல் வைத்துக் காட்டும்.

எந்த உருவம் வந்தாலும் இரண்டு பக்கங்களைப் பெருக்குகிறது

இணைகரத்தில் சாய்ந்த பக்கத்தைப் பெருக்குவது இதன் தெளிவான அடையாளம். நான்கு அட்டைப் பட்டைகளை எடுங்கள்: 10 செ.மீ. இரண்டு, 6 செ.மீ. இரண்டு. மூலைகளில் ஊசி குத்திச் சட்டமாக்குங்கள். நேராக நிறுத்தினால் உள்ளே 60 சதுர செ.மீ. இப்போது ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். பக்கங்கள் 10, 6 என்றே இருக்கின்றன, உள்ளே இருக்கும் இடமோ சுருங்கிக்கொண்டே வருகிறது. முழுக்கச் சாய்த்தால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே ஒன்றுமே இல்லை. "இப்பவும் 60-தானா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். குத்துயரம் (அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக அளக்கும் உயரம்) என்ற சொல் அந்தக் கணத்தில்தான் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது. தேவைப்படும்போது கொடுத்த சொல் தங்கும்.

1 சதுர மீட்டர் = 100 சதுர சென்டிமீட்டர் என்று எழுதுகிறது

தரையில் ஒரு மீட்டர் சதுரத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். ஒரு மூலையில் 1 செ.மீ. சதுரத் தாள் ஒன்றை வையுங்கள். "நூறு போதுமா?" நூறு ஒரு வரிசைக்கு மட்டும். அப்படி நூறு வரிசை வேண்டும், 10,000. கன மீட்டருக்கு வந்தால் அப்படி நூறு அடுக்கு, 10,00,000 கன சென்டிமீட்டர். சொல்லித் தெரிவதைவிட அந்தத் தரையும் அந்தக் குட்டிச் சதுரமும் கண்ணில் நிற்கும்.

பெட்டிக்குள் எத்தனை கனச்சதுரம்? விடை 94, 54, 47 அல்லது 36

இப்போது அந்த 94. அதே 3, 4, 5 பெட்டி. பெட்டிக்கு ஆறு முகங்கள். 12 கட்டங்கள் உள்ள முகம் இரண்டு, 20 உள்ளது இரண்டு, 15 உள்ளது இரண்டு. கூட்டினால் 94. அந்த மாணவி வெளியே தெரியும் சதுரங்களையெல்லாம், படத்தில் மறைந்த மூன்று முகங்களையும் மனதில் திருப்பிப் பார்த்து, ஒன்று விடாமல் எண்ணியிருந்தாள். உண்மையில் நல்ல உழைப்பு. அவளுக்குப் பெட்டி என்றால் ஆறு முகங்கள், உள்ளே ஒன்றுமில்லை.

மற்ற விடைகளும் இப்படித்தான் பேசும். 47 என்றால் படத்தில் தெரியும் மூன்று முகங்களை மட்டும் கூட்டியிருக்கிறது (12 + 20 + 15). 36 என்றால் ஒரு படி மேலே: ஓரக் கட்டையை இரண்டு முறை எண்ணக் கூடாது என்று தெரிந்திருக்கிறது, ஆனால் கண்ணில் படும் கட்டைகளோடு நின்றுவிட்டது. பின்னால் மறைந்திருக்கும் 24 விட்டுப்போயிற்று. 54 வந்தால் பெரிய முன்னேற்றம், சுற்றிலும் உள்ள எல்லாக் கட்டைகளும் சரியாக வந்துவிட்டன, நடுவில் ஒளிந்திருக்கும் 6 மட்டும் இல்லை. 12 என்று வந்தால் 3, 4, 5 மூன்றையும் கூட்டியிருக்கிறது, அது மேலே சொன்ன சுற்றளவுக் குழப்பத்தின் உறவு. எல்லாமே தவறு என்று ஒரே கோட்டால் அடித்தால், 94-க்கும் 54-க்கும் நடுவே ஒரு பிள்ளை நடந்து வந்த தூரம் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

மைக்கேல் பட்டிஸ்டாவும் டக்ளஸ் கிளெமென்ட்ஸும் 1996-ல் 3-ஆம், 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பல பிள்ளைகள் பெட்டியைத் தொடர்பில்லாத முகங்களாகப் பார்த்தார்கள். அடுக்குகளாகப் பார்க்கத் தொடங்கியவர்களே சரியாக எண்ணினார்கள். கட்டைகளை எண்ணும் முன் அவற்றை மனதில் அடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, மூலையில் இருக்கும் கட்டை. கட்டைகளால் பெட்டியைக் கட்டி, மேல் மூலைக் கட்டையைச் சுட்டி, "இந்தக் கட்டையோட எத்தனை முகம் வெளியே தெரியுது?" என்று கேளுங்கள். மூன்று. அந்தக் கட்டையை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள். "நீ இதை எத்தனை தடவை எண்ணினே?" அந்த மாணவி கட்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள், பெட்டியில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தாள், மெதுவாக "மூணு தடவை" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது அடுக்கு. கீழே 3-க்கு 4 அடுக்கு ஒன்று கட்டட்டும், 12 கட்டைகள். அதன்மேல் இன்னொன்று, 24. அப்படி ஐந்து அடுக்கு. 12, 24, 36, 48, 60. பிறகு அதே பெட்டியைப் படுக்கப் போடுங்கள். இப்போது அடுக்கு ஒன்றுக்கு 20, மூன்று அடுக்கு. பக்கவாட்டில் பார்த்தால் 15, நான்கு அடுக்கு. எந்தப் பக்கமிருந்து அறுத்தாலும் 60 என்பதைப் பார்த்துவிட்டால், மூன்று எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஏன் மாறவில்லை என்பதற்குத் தனிப் பாடம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. கட்டைகளைக் கொடுத்துவிட்டு எண்ணச் சொன்னால் ஒன்றொன்றாக எண்ணி முடித்துவிடும், எதுவும் மாறாது. கட்டும் முன் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன எண்ணும் கட்டி முடித்த எண்ணும் பொருந்தாதபோதுதான் மனம் வேலை செய்கிறது.

கனமான பொருள்தான் தண்ணீரை அதிகம் உயர்த்தும் என்கிறது

குண்டுக் களிமண்ணைத் தட்டையாக்கினால் தண்ணீர் அதிகம் ஏறும் என்பதும் இதே வகை. பியாஜேயின் கணக்குப்படி இது தெளிவாக ஏறத்தாழ 11, 12 வயதாகும். ஆகவே சின்ன வகுப்பில் வந்தால் கவலைப்பட வேண்டாம்.

ஒரே அளவுள்ள ஓர் இரும்புக் குண்டும் ஒரு கண்ணாடிக் குண்டும் போதும். தூக்கிப் பார்க்கட்டும், எது அதிகம் உயர்த்தும் என்று சொல்லட்டும், பிறகு ஒவ்வொன்றாகக் குவளையில் இறக்கட்டும். மூழ்கும் பொருளையே எடுங்கள். மிதக்கும் பொருள் தன் எடைக்கு ஏற்றபடி தண்ணீரை விலக்குவதால் சோதனை குழம்பிவிடும். மூழ்கும் 1 செ.மீ. கட்டைகள் கிடைத்தால் பத்தைப் போடுங்கள், தண்ணீர் 10 மில்லிலிட்டர் ஏறும். கொள்ளளவும் கன அளவும் வேறு வேறு பாடங்களாக இருந்தது அந்தக் குறியில் ஒன்றாகச் சேரும்.

பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பும் இரண்டு மடங்கு என்கிறது

இது பெரிய வகுப்புகளிலும் விடாமல் வரும் பிழை. இதன் வயது ஏறத்தாழ 2400 ஆண்டு: பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில், 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தைப் போல இரு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும் என்று சாக்ரட்டீஸ் ஒரு சிறுவனிடம் கேட்கிறார். பக்கத்தை 4 அடி ஆக்கு என்கிறான், பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 அடி என்கிறான், 9 ஆகிறது. வேண்டியது 8. மூலைவிட்டத்தைப் பக்கமாக எடுத்தால்தான் அது வரும்.

பெல்ஜியத்தில் டி பாக், வெர்ஷாஃபெல் முதலானோர் 1998-ல் 12, 13 வயது மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பெரும்பாலோர் நேர்விகிதத்திலேயே நின்றார்கள். படம் வரையச் சொன்னதும் பெரிதாக உதவவில்லை. ஆகவே படம் மட்டும் போதாது, கட்டிப் பார்க்கச் செய்யுங்கள். ஒரு கட்டையை வைத்து, எல்லாப் பக்கமும் இரண்டு மடங்குள்ள கனச்சதுரம் கட்டச் சொன்னால், பல பிள்ளைகள் இரண்டு கட்டையை எடுப்பார்கள். நீளம் சரி, அகலம் போதவில்லை. நான்காகும். உயரம் போதவில்லை. எட்டாகும். மூன்று மடங்கு கட்டச் சொல்லுங்கள், 27 கட்டைகளை எடுத்து வைக்கும்போது கை அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். வெளியே எத்தனை சதுர முகம் என்றும் கேளுங்கள்: 6, பிறகு 24, பிறகு 54. முகங்கள் ஒரு வேகத்தில் கூடுகின்றன, கட்டைகள் இன்னொரு வேகத்தில்.

தீர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

அதே வகைக் கணக்கைத் திரும்பக் கொடுத்தால் சூத்திரம் விடை சொல்லிவிடும், பிள்ளை சொன்னதா என்று தெரியாது. கேள்வியைத் திருப்புங்கள். 24 கட்டைகளைக் கொடுத்து, எல்லாவற்றையும் பயன்படுத்தி எத்தனை விதமான பெட்டி கட்டலாம் என்று கேளுங்கள். மொத்தம் ஆறு: 1-1-24, 1-2-12, 1-3-8, 1-4-6, 2-2-6, 2-3-4. சில பிள்ளைகள் கட்டிக் கட்டிக் கண்டுபிடிப்பார்கள், சிலர் பாதியில் கட்டைகளை ஒதுக்கிவிட்டுத் தாளில் எழுதத் தொடங்குவார்கள். ஆறும் வந்த பிறகு "ஏழாவது இருக்கா?" என்று கேளுங்கள். அந்த மாணவி கொஞ்ச நேரம் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "2-4-3 இருக்கு, ஆனா அது இதுதான், படுக்க வெச்சிருக்கு" என்றாள்.